எலக்ட்ரானுக்கு அவசரம், தண்ணீருக்கு இல்லை

2023-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து எனக்குள் ஒரு சின்ன எரிச்சல். பரிசில் குறை ஒன்றும் இல்லை. பியர் அகோஸ்தினி, ஃபெரன்ஸ் கிராவுஸ், ஆன் லூலியே ஆகிய மூவரும் நொடியின் மிக நுண்ணிய கூறான அட்டோசெகண்டு அளவிலான ஒளித்துடிப்புகளைச் சாத்தியமாக்கியவர்கள். எலக்ட்ரானின் அசைவையே அளக்க வழி செய்தவர்கள். எரிச்சலெல்லாம் அதற்குப் பிறகு வேதியியல் கற்பிக்கும் நாங்கள் மேடை மேடையாகப் பேசிய விதத்தின் மேல்தான். பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து எத்தனை நொடிகள் ஓடியிருக்கின்றனவோ, ஏறக்குறைய அத்தனை அட்டோசெகண்டுகள் ஒரே நொடிக்குள் அடங்கியிருக்கின்றன என்ற வரியை எல்லோரும் ஒப்பித்தோம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எலக்ட்ரான் என்றால் வேகம், வேதிவினை என்றால் எலக்ட்ரான், ஆகவே வேதியியலே வேகத்தின் கலை என்ற எண்ணத்தோடு கூட்டம் கலைந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆற்காட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் இப்படிப் பேசி முடித்தபோது, பேரனை அழைத்துப் போக வந்திருந்த பெரியவர் ஒருவர் பின் வரிசையிலிருந்து எழுந்தார். மேல்விஷாரத்துக்காரர். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், குரோம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கும். “சார், அந்தக் காலத்தில் குரோம் சாற்றை நாங்களேதான் காய்ச்சுவோம். டைகுரோமேட்டைக் கரைத்து, ஆசிட் விட்டு, மொலாசஸ் பாகை ஊற்ற ஊற்ற நுரைத்துக்கொண்டு பொங்கும். ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே பச்சையாகிவிடும். ஆனால் அதே பச்சைச் சாறு டிரம்மில் தோலைப் பிடிக்க ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரான் அவ்வளவு வேகம் என்றால் இந்த ராத்திரி எதற்கு?”

எனக்குப் பதில் தெரியும். டிரம்மில் எந்த எலக்ட்ரானும் ஓர் அணுவை விட்டு இன்னோர் அணுவுக்குப் போவதில்லை. மூன்று நேர் மின்சுமை கொண்ட குரோமியம் தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. தோலின் கொலாஜன் புரதம் அந்த இடங்களில் சிலவற்றைப் பிடிக்க வேண்டும். குரோமியமோ பிடித்ததை எளிதில் விடாது. அறை வெப்பநிலையில் சுத்தமான நீரில் அது ஒரு நீர் மூலக்கூறை விட்டு இன்னொன்றை ஏற்பதன் அரை ஆயுள், அதாவது பாதி மாறி முடிய ஆகும் நேரம், ஏறக்குறைய 80 மணி நேரம். தோல் ஷாப்பில் சோடா உப்பு சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றுவதாலும் சூட்டினாலும் காரியம் விரைவாகிறது. இருந்தும் ஓர் இரவு வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். “அப்படியா சார்” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பாய் உட்கார்ந்தார். சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கேள்வியின் பாதிக்குத்தான் அது பதில். எலக்ட்ரான் உண்மையிலேயே கைமாறும் வினைகளிலும் சில கண்சிமிட்டும் நேரத்தில் முடிகின்றன, சில மாதக்கணக்கில் இழுக்கின்றன. போகிற எலக்ட்ரான் எல்லாவற்றிலும் ஒன்றுதான், அதன் எடையும் ஒன்றுதான். பிறகு இந்த வேறுபாடு யாருடையது?

மஞ்சள் தண்ணீர்

ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் குரோமியத்தின் நிறத்தைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், சிப்காட் பகுதியில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்த கதை ஊரறிந்தது. மழை பெய்து ஓய்ந்தால் பள்ளத்தில் தேங்கும் நீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அது ஆறு மின்சுமை நிலையில் உள்ள குரோமியம், அதாவது குரோமேட், நச்சு. தோலைப் பதனிடுகிற பச்சை, நீல நிறச் சாற்றில் உள்ளது மூன்று மின்சுமை நிலை. நச்சுத்தன்மை அதைவிட மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே நிற்பவை மூன்று எலக்ட்ரான்கள்.

இந்த இரண்டு நிறங்களும் இரண்டு வேறு வகை எலக்ட்ரான் பெயர்ச்சிகள். பச்சை நிறத்தில் குரோமியத்தின் டி ஆர்பிட்டால்கள் எனப்படும் எலக்ட்ரான் இருப்பிடங்களில் இருக்கும் மூன்று எலக்ட்ரான்களில் ஒன்று, அதே அணுவின் இன்னொரு டி ஆர்பிட்டாலுக்கு ஏறுகிறது. சமச்சீர் விதி இதற்கு அனுமதி தருவதில்லை. மூலக்கூறின் அதிர்வு சமச்சீரைக் கொஞ்சம் கலைக்கும் நேரத்தில்தான் வழி திறக்கிறது. அதனால் நிறம் வெளிறியே இருக்கும். மஞ்சளில் கதை வேறு. குரோமேட்டில் உள்ள குரோமியத்திடம் டி எலக்ட்ரானே கிடையாது, ஏறுவதற்கு ஆள் இல்லை. ஒளி விழும்போது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனின் எலக்ட்ரான்தான் குரோமியத்துக்குப் போகிறது. இதற்கு விதியின் தடை இல்லை. எண்ணில் சொன்னால், ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவான மோலார் உட்கவர் திறன் குரோமேட்டுக்கு 370 நானோமீட்டருக்கு அருகே 4,800 அளவில் இருக்கிறது; நீரேறிய குரோமியம் மூன்றுக்கு அது வெறும் 13 அளவு. ஒரு சிட்டிகை குரோமேட் ஒரு வாளித் தண்ணீரை மஞ்சளாக்கிவிடுவது இதனால்தான். (குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் எந்த நிறமும் கண்ணுக்குத் தெரியாது. தெளிவாக இருக்கிறதே என்று யாரும் குடித்துவிடக் கூடாது.)

வகுப்பில் இதை நடத்திய ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தை நான் வேகமாகக் கடந்திருக்கிறேன். பாயின் கேள்விக்குப் பிறகு அந்த இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. நச்சு மஞ்சள் தீங்கு குறைந்த பச்சையாக வேண்டுமானால் குரோமியத்துக்கு எலக்ட்ரான்கள் வந்து சேர வேண்டும். ஆனால் மஞ்சள் என்ற நிறமே, எலக்ட்ரான் குரோமியத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி. பள்ளத்து நீரின் மேல் வெயில் படும் ஒவ்வொரு கணமும் எண்ணற்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிலிருந்து குரோமியத்துக்குப் போகின்றன, திரும்பிவிடுகின்றன. போவதில் சிரமமே இல்லை. போனது தங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் தங்குவதில்லை என்பதற்கான முதல் துப்பு 1920களின் நடுவில் கிடைத்தது. ஜேம்ஸ் ஃபிராங்க் கருத்தாகச் சொன்னதை எட்வர்ட் காண்டன் குவாண்டம் கணிதமாக்கினார். ஒளியை உள்வாங்கும் நேரத்தில் அணுக்கருக்கள் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எலக்ட்ரான் மட்டும் மாறுகிறது. ஓர் ஆக்சிஜன் அணுக்கரு எலக்ட்ரானைவிடக் கிட்டத்தட்ட 29,000 மடங்கு எடை கொண்டது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. எலக்ட்ரான் போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் பழைய ஏற்பாட்டிலேயே கிடக்கிறது. புதிய ஆளுக்கு எந்த வசதியும் செய்யப்படவில்லை. அந்த அசௌகரியத்துக்கான ஆற்றலையும் சேர்த்தே ஒளித்துகளான ஃபோட்டான் முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறது.

இருட்டில் யார் கொடுப்பது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதிரியக்க ஐசோடோப்புகள் ஆய்வகங்களுக்குத் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தன. அதுவரை செய்ய முடியாத ஒரு சோதனை அப்போது சாத்தியமாயிற்று. இரண்டு மின்சுமை இரும்பும் மூன்று மின்சுமை இரும்பும் ஒரே கரைசலில் இருந்தால், முன்னது பின்னதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கலாம். கொடுத்தபின் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது: அதே இரண்டு, அதே மூன்று. ஒரு பக்கத்து இரும்பைக் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு வைத்தால்தான் கொடுக்கல் வாங்கல் நடந்ததே தெரியும். பிணைப்பு முறிவதில்லை, புதிய பொருள் உருவாவதில்லை, ஆற்றலில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. வேதியியலில் இதைவிட எளிய வினை இருக்க முடியாது. வேகங்களோ தாறுமாறாக வந்தன. நீரேறிய சிறிய இரும்பு அயனிகளில் வினை மெதுவாக நடந்தது. ஃபெர்ரோசயனைடு, ஃபெர்ரிசயனைடு போன்ற பெரிய அயனிகளிலும், மாங்கனேட், பெர்மாங்கனேட் இணையிலும் மளமளவென்று முடிந்தது. குரோமியம் இரண்டும் மூன்றும் எல்லாவற்றையும் மிஞ்சிய சோம்பேறிகள்.

1952-இல் இதற்கு விளக்கம் தந்தவர் வில்லர்ட் லிப்பி, கார்பன் 14 மூலம் காலம் கணிக்கும் முறைக்காகப் பின்னால் நோபல் வாங்கிய அதே லிப்பி. ஃபிராங்க், காண்டன் தத்துவத்தை அவர் இங்கே கொண்டுவந்தார். இரண்டு மின்சுமை இரும்பைச் சுற்றி நீரின் ஆக்சிஜன் சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கிறது. மூன்று மின்சுமை இரும்பு அதை இன்னும் இழுத்து 2.0 அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எலக்ட்ரான் கணத்தில் கைமாறினால், புதிதாகப் பிறந்த இரண்டு மின்சுமை இரும்பைச் சுற்றி நெருக்கமான நீரும், புதிய மூன்று மின்சுமை இரும்பைச் சுற்றித் தளர்ந்த நீரும் மாட்டிக்கொள்கின்றன. சின்ன அயனியில் இந்தப் பொருத்தமின்மை பெரிது. அதனால் வேகம் குறைவு. பெரிய அயனியில் வித்தியாசம் சிறிது. அதனால் வேகம் அதிகம். அழகான விளக்கம். பல ஆண்டுகள் வகுப்பறைப் பலகையில் இதைத்தான் எழுதினேன், இன்றும் அதன் மையக் கருத்து சரிதான்.

1955-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் இருந்த வேதியியலாளர் ருடால்ஃப் மார்கஸ் லிப்பியின் கட்டுரையைப் படித்தபோது ஓரிடத்தில் தடுக்கி நின்றார். அவருடைய நோபல் உரையில் அந்தக் கட்டத்தைப் படித்த மாலைதான் என் எரிச்சலுக்கு ஒரு வடிவம் கிடைத்தது. பொருத்தமில்லாத சூழலில் அயனிகள் மாட்டிக்கொள்கின்றன என்றால், அந்தக் கணத்தில் அமைப்பின் ஆற்றல் முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஒளி விழுந்திருந்தால் சரி, ஃபோட்டான் கொடுத்தது என்று கணக்கை முடித்துவிடலாம். இந்த வினையோ இருட்டிலும் நடக்கிறது. மூடிவைத்த குடுவையில், விளக்கை அணைத்துவிட்டுப் போனாலும் நடக்கிறது. அங்கே கூடுதல் ஆற்றலைக் கொடுத்தது யார்? ஆற்றல் அழியாமை விதி ஒரு கணமும் கண்ணை மூடிக்கொள்ளாது. ஆகவே லிப்பி சொன்ன வரிசை இருட்டுக்குப் பொருந்தாது. எலக்ட்ரான் போய், அதன்பின் சூழல் சரிசெய்துகொள்வதற்கு வழியே இல்லை. சூழல்தான் முதலில் அசைய வேண்டும்.

அதாவது நீர் மூலக்கூறுகள் வெப்பத்தால் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆட்டத்தில் தற்செயலாக ஒரு கணம் வருகிறது: இரண்டு மின்சுமை இரும்பைச் சுற்றிய நீர் கொஞ்சம் நெருங்கி, மூன்று மின்சுமை இரும்பைச் சுற்றிய நீர் கொஞ்சம் விலகி, இரண்டுக்கும் நடுவான ஒரு நிலை. அந்த நிலையில் எலக்ட்ரான் இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் மொத்த ஆற்றல் ஒன்றே. அப்போது மட்டும் அது செலவில்லாமல் கைமாறலாம். தோல் மண்டி வாசலில் லாரியிலிருந்து மேடைக்கு ஈரத்தோல் கட்டுகளை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாரித் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் நின்றால் கட்டு ஒரு தள்ளலில் போய்விடும். அவற்றை ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதில்தான் முழுப் பாடும். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று நாங்கள் மேடையில் வியந்தது, கட்டு எவ்வளவு வழுக்கும் என்று வியந்ததற்குச் சமம்.

நாலில் ஒரு பங்கு

இதை மார்கஸ் வெறும் கருத்தாக விடவில்லை. 1956-இல் கணக்கே போட்டுக் கொடுத்தார். அயனிகளைச் சுற்றிய பிணைப்புகளையும் கரைப்பானையும் பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டுக்கு, எலக்ட்ரானை அசைக்காமல், மாற்ற ஆகும் ஆற்றலை மறுசீரமைப்பு ஆற்றல் என்கிறார்கள், குறியீடு லாம்டா. இரண்டு பரவளையங்களை அடுத்தடுத்து வரையுங்கள், ஒன்று எலக்ட்ரான் இந்தப் பக்கம் இருக்கும் நிலைக்கு, மற்றது அந்தப் பக்கத்துக்கு. அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஏற வேண்டிய மேடு. இரும்பு வினைபோல் லாப நட்டம் இல்லாத வினைக்கு அந்த மேட்டின் உயரம் லாம்டாவில் சரியாக நான்கில் ஒரு பங்கு. பிளஸ் டூ மாணவர் ஐந்து வரியில் நிரூபித்துவிடலாம்.

ஒளியால் இதே கைமாற்றத்தைச் செய்தால்? முதல் பரவளையத்தின் அடியிலிருந்து நேர்ச்செங்குத்தாக இரண்டாவதுக்கு ஏற வேண்டும், அணுக்கரு அசையக் கூடாதே. அந்த உயரம் முழு லாம்டா. ஆஸ்திரேலிய வேதியியலாளர் நோயல் ஹஷ் 1967-இல் கலப்பு மின்சுமைச் சேர்மங்களின், அதாவது ஒரே உலோகம் இரண்டு மின்சுமை நிலைகளில் இருக்கும் சேர்மங்களின், நிறங்களை வைத்து எடுத்துக் காட்டிய உறவு இது: ஒளி கொடுப்பது நான்கு மடங்கு, வெப்பம் கொடுப்பது ஒரு மடங்கு. அதே எலக்ட்ரான், அதே புறப்பாடு, அதே சேருமிடம். அவசரத்துக்கு நான்கு மடங்கு விலை.

லாம்டா ஓர் எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒளிக்கு அது 1,240 நானோமீட்டர் அகச்சிவப்பு. வெப்பம் ஏற வேண்டிய மேடு 0.25 எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் கையிருப்போ சுமார் 0.026 மட்டுமே, அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்த மேட்டைத் தொடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. குறைவாகத் தோன்றினாலும் நீர் ஒரு நொடிக்குள் கோடானுகோடி முறை ஆடுவதால் போதுமானது. முழு லாம்டாவையும் வெப்பமே தர வேண்டியிருந்தால் வாய்ப்பு பத்துக் கோடி கோடியில் ஒன்று என்ற அளவுக்கும் கீழே போய்விடும். போகிற போக்கில் ஒன்று: 25 டிகிரியில் நடக்கும் இந்த வினை, எங்கள் ஊர் கத்திரி வெயிலின் 42 டிகிரியில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாக நடக்கும். வேலூர் வெயிலால் விளையும் நன்மைகளின் பட்டியல் மிகச் சிறியது, இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே வாய்பாட்டில் ஒரு விபரீதமும் ஒளிந்திருந்தது. வினையில் ஆற்றல் லாபம் கூடக் கூட வேகம் கூடும் என்பது பொதுப்புத்தி. லாபம் லாம்டாவைத் தாண்டிவிட்டால் வேகம் குறையும் என்று 1960-இல் மார்கஸ் எழுதினார். யாரும் எளிதில் நம்பவில்லை. 1970-இல் ரேமும் வெல்லரும் கரைசலில் அளந்து பார்த்தார்கள். வேகம் ஏறியது, ஓரிடத்தில் சமமாயிற்று, இறங்கவே இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடி வந்து சேரும் நேரமே அங்கே எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. 1984-இல் மில்லர், கால்கடெர்ரா, கிளாஸ் மூவரும் தேடும் வேலையையே ஒழித்தார்கள். விறைப்பான ஸ்டீராய்டு சட்டகத்தின் ஒரு முனையில் கொடுப்பவரையும் மறுமுனையில் பெறுபவரையும் கட்டிவைத்து, பெறுபவரை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். வேகம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியது. மார்கஸுக்கு 1992-இல் நோபல் வந்தது.

டைகுரோமேட்டுக்கு வந்தால்

இவ்வளவையும் படித்துவிட்டுப் பாயின் கொதிக்கும் தொட்டிக்கு இந்த வாய்பாட்டை அப்படியே போட்டுவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. மார்கஸின் கணக்கு, இருவரும் தத்தம் சுற்றத்தை விடாமல் தள்ளி நின்று எலக்ட்ரானை மட்டும் கொடுத்து வாங்கும் வினைகளுக்கு. டைகுரோமேட் மொலாசஸைத் தொட்டே வேலை செய்கிறது. சர்க்கரையோடு பிணைந்து, அதன் ஹைட்ரஜனைப் பறித்து, பல படிகளில் இறங்குகிறது. இரும்பு உப்போடு நடக்கும் வினைகூட, பள்ளி ஆய்வகத்தில் மோர் உப்பை வைத்து நாம் செய்யும் தரம்பார்த்தல்தான், ஒரே தாவலில் முடிவதில்லை. ஆறு ஐந்தாகி, ஐந்து நான்காகி, நான்கு மூன்றாகிறது. இதில் ஐந்திலிருந்து நான்குக்குப் போகும் படிதான் மெதுவானது. நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த குரோமியம் ஆறு பேர் சூழ்ந்த குரோமியமாக மாறுவது அந்தப் படியில்தான் என்று விளக்குகிறார்கள். அங்கேயும் தாமதம் சுற்றத்தால்தான் வருகிறது. ராணிப்பேட்டை மண்ணில் மஞ்சள் நீடிப்பதற்கு மட்டும் இதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அங்கே எலக்ட்ரான் கொடுக்கத் தகுந்த இரும்பும் மட்கும் போதாமல், குவியலோ கசிந்துகொண்டே இருந்தது. அதற்குக் கோட்பாடு தேவையில்லை, அள்ளும் இயந்திரமும் பணமும் தேவை.

தொட்டு நடக்கும் வினைகளை 1953-இல் தெளிவாக்கியவர் ஹென்றி டாபே. 1983-இல் நோபல் பெற்றார். அவர் கையாண்டதும் குரோமியமே. குளோரின் ஒட்டிய கோபால்ட் சேர்மத்தோடு இரண்டு மின்சுமைக் குரோமியத்தைச் சேர்த்தார். எலக்ட்ரான் குரோமியத்திலிருந்து கோபால்ட்டுக்குப் போனது. குளோரின் எதிர்த்திசையில் குரோமியத்துக்கு வந்தது. நடுவில் இருவரையும் குளோரின் பாலமாக இணைத்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. இந்தச் சான்று அவர் கையில் சிக்கியதற்குக் காரணம், பாய் அலுத்துக்கொண்ட அதே குணம். மூன்று மின்சுமைக் குரோமியம் பிடித்ததை விடாது. குளோரினை உடனே கைவிடும் உலோகமாக இருந்திருந்தால், அது பாலம் வழியாக வந்ததா கரைசலில் மிதந்து வந்து ஒட்டியதா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. தோல் ஷாப்பின் இரவைக் கேட்கும் அந்த மந்தம்தான் டாபே வேலை பார்த்த சிகாகோவில் சாட்சியைப் பத்திரப்படுத்திக் கொடுத்தது.

இந்தக் கட்டுரையில் சூழலின் பக்கமே நின்று வாதாடிவிட்டேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1966-இல் டான் டிவால்ட், பிரிட்டன் சான்ஸ் இருவரும் குரோமேஷியம் என்ற ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியத்தில் எலக்ட்ரான் கைமாறும் வேகத்தை, குளிரவைத்துக்கொண்டே அளந்தார்கள். மேட்டில் ஏற வெப்பம் வேண்டும் என்றால் குளிரக் குளிர வேகம் ஒழிய வேண்டும். முதலில் குறைந்தது. சுமார் 100 கெல்வினுக்குக் கீழே, அதாவது கழித்தல் 173 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, குறைவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் ஒரே வேகம். அணுக்கருக்களும் குவாண்டம் பொருள்கள்தாமே. மேட்டில் ஏறாமல் அதை ஊடுருவியும் போகும். லெவிச், டோகொனாட்ஸே இருவரும் 1959-இலேயே இதற்கான குவாண்டம் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். அப்படியென்றால் எடை கூடிய அணுக்கருவும் ஊடுருவுமா என்று வகுப்பில் கேட்கிறார்கள். ஊடுருவும். எடை கூடக் கூட அந்த வாய்ப்பு சரசரவென்று சரியும், அவ்வளவுதான். சத்துவாச்சாரியில் மின்விசிறியும் நின்றுபோன மே மாத மதியத்தில் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.